ஆவாரைக்கு நாம் பட்ட கடன்

ஒரு சமுதாயத்தை வாழவைத்த பொருள்கள் யாவை என்று கேட்டால் சிலர் கடலைச் சொல்வர். சிலர் கப்பலைச் சொல்வர். சிலர் முத்தையும் மிளகையும் சொல்வர். பாலாற்றின் இரு கரைகளிலும் வாழும் நாம் சொல்லவேண்டிய பெயரோ அத்துணை ஆரவாரம் உடையதன்று. வேலியோரத்தில் நிற்கும் ஒரு செடியின் பெயர் அது. விதைப்பாரின்றி முளைத்து, நீர் வார்ப்பாரின்றி வளர்ந்து, செம்மண் மேட்டிலும் பாறை இடுக்கிலும் பொன்னிறமாய்ப் பூத்துக் குலுங்கும் ஆவாரையே அச்செடி.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள் காட்பாடியைச் சுற்றி வரிசையாக அமைந்துள்ளன. அவ்வூர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் வணிகப் பெருமக்களின் பெயர்களை எழுதுகின்றனர். அவர்கள் கட்டிய பள்ளிவாசல்களையும் கல்விக்கூடங்களையும் எழுதுகின்றனர். அத்தொழிலுக்கு உயிர் கொடுத்த பட்டை எந்தச் செடியின் பட்டை என்பதை மட்டும் ஒரே வரியில் சொல்லிக் கடந்து விடுகின்றனர். அச்செடியின் சிறப்பையும், அது நம் கண்ணெதிரிலேயே இடம் இழந்து வருவதையும், அதனைக் காக்க நம்மால் இயன்றது யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

செடியின் இயல்பு

ஆவாரை ஓர் ஆள் உயரமோ, அதற்குச் சற்று மேலோ வளரும் புதர்ச்செடி. இந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். 8 முதல் 12 இணை வரையிலான சிற்றிலைகள் ஒரே காம்பில் எதிரெதிராக அமைந்திருக்கும். இலைக் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போன்ற ஓர் உறுப்பு உண்டு. 1753-ஆம் ஆண்டு இச்செடிக்கு அறிவியல் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், அக்காது மடலைக் கண்டே ‘காதுடையது’ என்று பொருள்படும் ‘ஆரிக்குலாட்டா’ என்னும் பெயரை இட்டார். நெடுங்காலம் ‘கேசியா ஆரிக்குலாட்டா’ என்று வழங்கிய இச்செடி இன்று ‘சென்னா ஆரிக்குலாட்டா’ எனப்படுகிறது.

இங்கு அரபு மொழி பயில்வோர் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. ‘சென்னா’ என்னும் இப்பேரினப் பெயர் ‘ஸனா’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஸனா என்பது வயிற்றைத் தூய்மை செய்யும் மருந்தாக அரபு மருத்துவத்திலும் நபிமொழித் தொகுப்புகளிலும் இடம்பெறும் செடி. நம் நாட்டு மருந்துக் கடைகளில் நிலாவாரை என்ற பெயரில் விற்கப்படுவது அதுவே. திருநெல்வேலிச் சீமையில் பயிராகி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாவதும் அதுவே. நம் ஆவாரை அதற்கு நெருங்கிய உறவு. எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றற்கு மற்றொன்றைப் பயன்படுத்துதல் கூடாது.

ஆவாரையின் பூவில் தேன் இல்லை. வண்டுக்கு அது அளிக்கும் விருந்து மகரந்தம் மட்டுமே. அந்த மகரந்தமும் மலர்ந்தவுடன் தானே உதிர்வதன்று. மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளையின் வழியாகவே வெளிவர இயலும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிர வைக்கும். அவ்வதிர்வில் மகரந்தம் பொடியாய்ச் சிதறும். ஆவாரம் புதரின் அருகில் நின்று செவிமடுப்போர் அந்த ரீங்காரத்தைத் தெளிவாகக் கேட்கலாம். வெண்மையும் இளம்பச்சையும் கலந்த சிறகுடைய ஒருவகைப் பட்டாம்பூச்சி இதன் இலையில் முட்டையிடுகிறது. அதன் புழு இவ்விலையைத் தின்றே வளர்கிறது. ஒரு புதர் போனால் அதனோடு இத்தனை உயிர்களின் உணவும் உறைவிடமும் போகின்றன.

சித்திரை வைகாசியில் நம் வேலூர்ப் பகுதியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பது அனைவரும் அறிந்ததே. அவ்வெயிலில் புல்லும் கருகும் நிலத்தில் ஆவாரை பசுமை குன்றாது நிற்கும். ஆழச் செல்லும் அதன் வேர், சரிவான மண் மழையில் அரித்துச் செல்லாதவாறு பிடித்து வைக்கும். அதன் தழை வயலுக்கு உரமாகும். குச்சி பல் துலக்க உதவும். வெயிலில் நடப்போர் தலைப்பாகையினுள் ஆவாரந்தழையை வைத்துக் கட்டுவது பழைய வழக்கம்.

பழந்தமிழரும் ஆவாரையும்

சங்க நூல்கள் இதனை ஆவிரை என்று வழங்குகின்றன. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களின் வரிசையில் ஆவிரையும் ஒன்று. காதல் நிறைவேறாத ஆடவன் பனைமட்டையால் செய்த குதிரையில் ஏறி ஊரறிய வரும் மடலேறுதல் என்னும் வழக்கத்தில், அவன் சூடிவரும் பூக்களுள் ஆவிரையும் குறிக்கப்படுகிறது. தோட்டத்தில் பேணி வளர்க்கப்பட்ட பூவை விடுத்து, எங்கும் கிடைக்கும் பூவைச் சூடியதே அவனது நிலையை ஊராருக்கு உணர்த்தியது போலும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆவிரை எளியோரின் பூவாக இருந்தது.

நம் சகோதர சமயத்தார் தைப்பொங்கலுக்கு முன்னாள் ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் வேப்பிலையையும் சேர்த்துக் காப்புக் கட்டுகின்றனர். தெலங்காணாவில் பதுக்கம்மா விழாவில் மகளிர் அடுக்கும் பூக்களுள் இதற்குச் சிறப்பிடம் உண்டு. அங்கு ‘தங்கேடு’ எனப்படும் இம்மலரை 2014-ஆம் ஆண்டு அம்மாநிலம் தன் மாநில மலராக அறிவித்தது. இலங்கையில் ‘ரணவரா’ என்ற பெயரில் இதன் பூவைத் தேநீர் போலக் காய்ச்சிப் பருகுகின்றனர்.

தோலும் பட்டையும்

மத்ரஸாக்களில் ஃபிக்ஹுச் சட்டம் பயிலும் மாணவர்கள் தூய்மை பற்றிய பாடத்தில் ‘திபாகத்’ என்னும் சொல்லைச் சந்திப்பர். தோல் பதனிடுதல் என்பது அதன் பொருள். பச்சைத் தோல் பதனிடப்படுவதால் தூய்மை பெறுகிறது என்பதும், அதற்குத் தண்ணீரோடு ‘கரள்’ என்னும் பொருள் பயன்பட்டது என்பதும் அப்பாடத்தில் வரும். கரள் என்பது வேறொன்றுமன்று. நம் நாட்டுக் கருவேல மரமாகிய அதே மரத்தின் காய். அரபு நாட்டார் கருவேலங்காயில் கண்ட அதே தன்மையைத் தமிழ் நாட்டார் ஆவாரம்பட்டையில் கண்டனர். அத்தன்மைக்குத் துவர்ப்பு என்று பெயர். அறிவியலார் அதனை டானின் என்பர்.

உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகும். வெயிலில் காயவைத்தால் மரக்கட்டையாய் விறைக்கும். துவர்ப்பு நீரில் ஊறும்போதோ, தோலின் புரத இழைகளைத் துவர்ப்புப் பொருள் பற்றிக்கொள்கிறது. அதன் பின் அது அழுகுவதில்லை, மடக்கினாலும் முறிவதில்லை.

பழைய முறையில் தோலை ஊறவைத்துக் கழுவி, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் நீக்கி, உட்புறத்தில் ஒட்டிய சதையைச் சீவி, மீண்டும் கழுவிச் சுண்ணாம்பைப் போக்குவர். அதன் பின்பே பட்டைத் தொட்டி. இடித்த ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோல் வாரக்கணக்கில் கிடக்கும். ஆவாரையால் பதனிட்ட தோல் இளமஞ்சள் சாயலுடன் மென்மையாக இருக்கும். ஆனால் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதனைத் தடுக்க முடிவில் கடுக்காய் நீரில் நனைத்து எண்ணெய் தடவுவர். ஆவாரையும் கடுக்காயும் சேர்ந்து உண்டாக்கிய அத்தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் இலண்டன் சந்தையில் பெயர் பெற்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் போர்வீரர்களின் காலணிக்கு ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்து மாட்டுத்தோலைப் பெருமளவில் வாங்கிக் கொண்டது. திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல் பகுதிகளில் இன்றும் சிலர் பட்டை முறையில் தோல் பதனிடுகின்றனர். அத்தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

இத்தொழிலின் வருவாய் கடைவீதியோடு நின்றுவிடவில்லை. ஆம்பூரின் தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் அவர்கள் 1924-ஆம் ஆண்டு நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் அரபுக் கல்லூரி, உமராபாத் என்ற ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது. வாணியம்பாடியில் 1919-ஆம் ஆண்டு இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்தில் பிறந்து தோல் வணிகத்தில் உயர்ந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்கள், சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்தின் எதிரே வழிப்போக்கர் தங்குவதற்குச் சித்தீக் சராயைக் கட்டினார். அவர் பெயரால் மேல்விஷாரத்தில் 1965-ஆம் ஆண்டு கல்லூரி அமைந்தது. இவற்றில் பயின்றோரும் தங்கியோரும் எத்தனையோ ஆயிரவர். அவ்வருவாயின் வேரைத் தோண்டிச் சென்றால் அங்கே ஆவாரைச் செடி நிற்பதைக் காணலாம்.

இளமையில் பட்டைக் கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுதியவர், எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், ஒருமுறை என்னிடம் சொன்னார்: “ஹஜ்ரத், பட்டை வண்டி வந்த நாளில் தெருவெல்லாம் ஒரு துவர்ப்பு வாசனை இருக்கும். அந்த வாசனை வந்தால் அடுப்பு எரியும் என்று பொருள். காட்டோரத்து ஏழைப் பெண்களுக்கும் கூலி, எங்களுக்கும் கூலி.” குச்சிகளை வெட்டிக் கட்டையால் தட்டிப் பட்டை உரித்தோருக்கும், தொட்டியில் இறங்கி உழைத்தோருக்கும், கணக்கு எழுதியோருக்கும் ஒரே செடி சோறு போட்டது.

தட்டுப்பாடும் அதன் விளைவும்

ஆவாரையை வெட்டினால் அது மீண்டும் தழைக்கும். வேரோடு பிடுங்கினால் அழியும். வெட்டுவோர் அளவோடு வெட்டி, செடிக்கு ஓய்வு கொடுத்த வரையில் குறைவு நேரவில்லை. தொழிற்சாலைகள் பெருகப் பெருகப் பட்டையின் தேவையும் பெருகியது. ஆவாரம்பட்டையில் துவர்ப்புப் பொருள் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கே உண்டு. எனவே தோல் பதனிட மலையளவு பட்டை வேண்டும். காடுகளில் பட்டைக் குத்தகை விடப்பட்டது; விலை ஏறியது; வரத்துக் குறைந்தது. அந்நிலையில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலிருந்து ‘வாட்டில்’ என்னும் மரத்தின் பட்டை கப்பலில் வந்து இறங்கியது. அதில் துவர்ப்பு ஆவாரையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. தோல் வணிகர் அதனை நாடியது இயல்பே.

இதன் விளைவு நம் ஊரோடு நிற்கவில்லை, மலையேறிச் சென்றது. வெளிநாட்டுப் பட்டையை எத்தனை நாள் விலை கொடுத்து வாங்குவது என்று எண்ணிய அரசினர், விடுதலைக்குப் பின் நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் மரத்தைப் பரந்த அளவில் நட்டனர். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், தன் இடம் கொள்ளாமல் பரவும் இயல்புடையது. மேகத்தைத் தாங்கி, மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, ஆற்றுக்கு ஆண்டு முழுதும் நீர் கொடுத்துவந்த மலைப் புல்வெளிகளை வாட்டில் மூடிக்கொண்டது.

அப்புல்வெளியே நீலக்குறிஞ்சியின் வீடு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கிப் பூக்கும் அப்புதர்ச்செடி 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் பூத்தது. அடுத்து 2030-ஆம் ஆண்டு பூக்கவேண்டும். தேயிலைத் தோட்டம், கட்டடங்கள், அயல்நாட்டு மரங்கள் ஆகியவற்றால் அதன் இடம் சுருங்கியது. குறிஞ்சியைக் காக்கவென்றே கேரள அரசு 2006-ஆம் ஆண்டு மூணாறுப் பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. 2024-ஆம் ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீலக்குறிஞ்சியை அழிவாய்ப்புள்ள இனம் என்று தன் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. கீழ்நாட்டுச் செடி ஒன்றை முறையாகப் பேணி வளர்க்கத் தவறியதன் சுமையில் ஒரு பங்கை மலைநாட்டுச் செடி ஒன்று சுமக்க நேர்ந்தது. சங்கப் புலவர் ஒரே பாட்டில் சேர்த்துப் பாடிய இரு மலர்களுக்கும் இவ்வாறு ஒரு துன்பத் தொடர்பு உண்டாயிற்று.

குரோமும் பாலாறும்

பட்டைக்கு வாரக்கணக்கு என்றால் குரோம் உப்புக்கு ஒரு நாளே போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி சென்னையில் குரோம் முறையைச் சோதித்துக் காட்டினார். எனினும் பட்டை முறையே பல ஆண்டுகள் நீடித்தது. 1970-களின் தொடக்கத்தில் மைய அரசு அரைப் பதனத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் அளித்தது. அதன்பின் குரோம் முறை நம் பகுதியில் வேரூன்றியது. ஆம்பூர்க் காலணி உலகெங்கும் சென்றது; பல்லாயிரம் பெண்களுக்கு வேலை கிடைத்தது. இந்நன்மையை மறைப்பது நேர்மையாகாது.

அதேபோல அதன் மறுபக்கத்தை மறைப்பதும் நேர்மையாகாது. பாலாற்றுப் படுகையின் கிணறுகள் உவர்ந்தன. நெல் விளைந்த நிலம் வெளிறியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டு தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல்லாகும். தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஒரு பகுதியோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகக் கூறும் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. மாசு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை அது நிலைநாட்டியது. அதன்பின் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல எழுந்தன. ஆயினும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் வேலூர்ப் பகுதி மாசு குறித்துத் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்குமாறு ஆணையிட வேண்டியதாயிற்று.

ஆகவே மீண்டும் ஆவாரம்பட்டைக்கே திரும்பிவிடுவோம் என்று சொல்வதா? அது நடவாத காரியம். இன்றைய தொழிலின் தேவைக்கு இருக்கும் ஆவாரை ஒரு மாதத்திற்குக்கூடப் போதாது. மேலும், பச்சைத் தோல் கெடாமலிருக்க இடும் உப்பு இரு முறைகளுக்கும் பொது. பட்டைக் கழிவுநீரும் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விடத்தக்கதன்று. இக்கட்டுரையின் கோரிக்கை வேறு. பட்டை தேவைப்பட்ட காலத்தில் ஆவாரையை வெட்டினோம். தேவை தீர்ந்தபின் அதனை மறந்தோம். மறந்த இந்த நாளில்தான் அதற்கு மெய்யான ஆபத்து வந்திருக்கிறது.

தரிசு என்னும் பெயர்

உண்மையை உள்ளவாறு சொல்வதானால், அழிவின் விளிம்பில் நிற்கும் செடிகளின் பட்டியலில் ஆவாரை இல்லை. தமிழகத்தின் வறண்ட பகுதிகளில் இன்னும் காணக் கிடைக்கிறது. காட்பாடியிலிருந்து வள்ளிமலை செல்லும் வழியிலும், குன்றுகளின் அடிவாரத்திலும் இன்றும் பூக்கிறது. ஆனால் ஒரு செடி நாட்டிலிருந்து மறைவதற்கு முன் ஊரிலிருந்து மறைகிறது; ஊரிலிருந்து மறைவதற்கு முன் தெருவிலிருந்து மறைகிறது.

ஆவாரை வாழும் நிலத்திற்கு நாம் இட்ட பெயரே அதன் முதற் பகை. முட்புதரும் குறுஞ்செடியும் நிறைந்த மேட்டு நிலத்தைப் புறம்போக்கு என்கிறோம், தரிசு என்கிறோம். பயனற்றது என்று பெயரிட்டபின் அங்கு எதைச் செய்தாலும் அது முன்னேற்றமாகிவிடுகிறது. மனைப் பிரிவு போடுவோர் முதலில் புதரை வழிக்கின்றனர். சாலையை அகலப்படுத்துவோர் ஓரத்துச் செடிகளைப் பெயர்த்தெடுக்கின்றனர். கல் குவாரி குன்றையே எடுத்துச் செல்கிறது. எஞ்சிய இடத்தில் சீமைக் கருவேலம் அடர்ந்து, அடியில் வேறெதனையும் முளைக்கவிடாமல் செய்கிறது. அதனை ஒழிக்கப் பொக்லைன் இயந்திரத்தை ஏவும்போது, ஊடே நிற்கும் ஆவாரையும் சேர்ந்தே வேரோடு போகிறது. களையைப் பறிப்பவன் பயிரை அறிந்திருக்க வேண்டாமா?

மரம் நடுவிழாக்களும் ஆவாரைக்கு உதவுவதில்லை. நடப்படுவது எப்போதும் மரமே; புதர்ச்செடியை நட்டுப் படம் எடுத்துக்கொள்வோர் இல்லை. அழகுக்காக மஞ்சள் பூச்செடி வேண்டுமென்றால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தங்க அரளியை வைக்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவர்கள் 30 பேரிடம் ஆவாரம்பூ ஒன்று கொண்டுவருமாறு சொன்னேன். மறுநாள் வந்தவற்றுள் பெரும்பாலானவை தங்க அரளிப் பூக்கள். தோல் தொழிலாளரின் பிள்ளைகள் அவர்களுள் பலர். பாட்டனார் சுமந்த பட்டையின் பூவைப் பேரன் அறியவில்லை. பெயர் தெரியாத செடியை வெட்டும்போது யாருக்கும் கை கூசுவதில்லை.

மருந்து என்னும் மற்றோர் ஆபத்து

ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவுக்கு இடமில்லை என்னும் பொருள்பட ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்குரிய மருந்தாகக் கூறப்படுகிறது. ஆவாரையோடு கொன்றை, நாவல், மருதம் முதலிய சரக்குகளும் அதில் சேரும். விலங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில் இச்செடியின் சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைப்பது தெரியவந்துள்ளது. எனினும் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூத் தேநீரை நம்புவது பேராபத்து. நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடே அரிதாகிவிட்ட இந்நாளில் தாய்மார்கள் இதனை நன்கு மனத்தில் கொள்ளவேண்டும்.

இலை, பூ, பட்டை, வேர், விதை ஆகிய ஐந்தும் மருந்துக்கு ஆகும் என்பதால் இதற்கு வாணிகம் பெருகியுள்ளது. பூவையும் தழையையும் அளவோடு பறித்தால் செடிக்குக் கேடில்லை. பூவனைத்தையும் பறித்துவிட்டால் விதை ஏது? வேரைத் தோண்டினால் செடி ஏது? காட்டிலிருந்து எடுப்பதை விடுத்துத் தோட்டத்தில் வளர்த்துப் பறிப்பதே முறையான வழி.

நாம் செய்யத்தக்கவை

வாசக நேயர்களே! புலியைக் காக்கக் காடு வேண்டும், காவலர் வேண்டும், கோடிக்கணக்கில் பணம் வேண்டும். ஆவாரையைக் காக்க அவை எவையும் வேண்டா. அரிதாகிப் போகும் முன் ஒன்றைக் காப்பது மிக எளிது. அரிதான பின் காப்பது மிகக் கடிது.

முதலாவதாக, நமக்குரிய நிலங்களை நினைப்போம். நம் ஊர்களின் கபர்ஸ்தான்கள் பலவும் பரந்த மேட்டு நிலங்கள். ஆண்டுக்கு ஒருமுறை துப்புரவு என்ற பெயரில் அங்குள்ள செடி கொடி அனைத்தையும் வழித்துவிடுகிறோம். சீமைக் கருவேலத்தை அகற்றுவது சரியே. சுற்றுச்சுவர் ஓரமாக ஆவாரையை விட்டுவைத்தால் இடமும் தூய்மையாக இருக்கும், மண்ணும் அரிக்காது. பள்ளிவாசல் வளாகம், மத்ரஸாத் திடல், தொழிற்சாலையின் வேலியோரம், பள்ளி கல்லூரி மைதானத்தின் எல்லை ஆகியவையும் இதற்கு ஏற்ற இடங்களே. ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

இரண்டாவதாக, விதை. முற்றிப் பழுப்பு நிறமான தட்டைக் காய்களை நம் பகுதிச் செடிகளிலிருந்தே சேகரிக்க வேண்டும். இம்மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய வித்து அதுவே. ஒரு செடியின் காய் முழுவதையும் எடுக்காமல் பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்தல் நலம். விதையின் தோல் கடினமானது. கொதிக்க வைத்துச் சற்று ஆறிய வெந்நீரை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டால் முளைப்பு நன்றாக இருக்கும். ஆடி, ஆவணியில் பைகளில் இட்டு, ஐப்பசி மழைக்கு நிலத்தில் நட்டுவிடலாம். முதற்கோடையில் மட்டும் சிறிது நீர் வேண்டும். பிறகு அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவதாக, ஏரிக்கரையிலோ சாலையோரத்திலோ புதர் அகற்றும் பணி நடைபெறும்போது ஊராட்சி உறுப்பினரிடமோ மேற்பார்வையாளரிடமோ ஒரு சொல் சொல்லி வைக்கலாம். எது சீமைக் கருவேலம், எது ஆவாரை என்று இயந்திரம் ஓட்டுபவருக்குக் காட்டிக் கொடுக்க ஒரு நாழிகை போதும். அயல்நாட்டுக் களைச்செடிகளை அகற்றி உள்நாட்டுச் செடிகளுக்கு இடமளிக்கும் கொள்கையைத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு வெளியிட்டுள்ளது. அக்கொள்கை ஏட்டிலிருந்து இறங்கி ஏரிக்கரைக்கு வருவது ஊர் மக்களின் கையில்தான் உள்ளது.

நான்காவதாக, பிள்ளைகள். விடுமுறை நாளில் அவர்களைக் குன்றோரம் அழைத்துச் சென்று செடியைக் காட்டுங்கள். காது போன்ற இலையடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கருவண்டின் ரீங்காரத்தைக் கேட்கச் செய்யுங்கள். இச்செடியின் பட்டையால்தான் உன் பாட்டனார் சோறு உண்டார் என்று சொல்லுங்கள். அதன்பின் அப்பிள்ளை அதனை வெட்டமாட்டான்.

ஒருவர் நட்டு வைத்த செடியிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ பயனடைந்தால், அது நட்டவருக்குத் தருமமாக எழுதப்படும் என்பது நம் குழந்தைகளும் அறிந்த நபிமொழிக் கருத்து. அந்நன்மை பழம் தரும் மரத்துக்கு மட்டும் உரியதன்று. புழுவுக்கு இலையும், வண்டுக்கு மகரந்தமும், நிலத்துக்குக் காவலும் தரும் ஆவாரைக்கும் உரியதே.

கடன் பட்டவர் கடனைத் தீர்க்காமல் இருப்பதை நம் மார்க்கம் மிகவும் கண்டிக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆவாரை நமக்குப் பட்டையைக் கொடுத்தது. பதிலுக்கு அது கேட்பது பொன்னன்று, பொருளன்று; நீருங்கூட அன்று. நிற்பதற்கு வேலியோரத்தில் ஓர் இடம். இந்த ஐப்பசி மழைக்குள் ஒவ்வொரு பள்ளிவாசல் வளாகத்திலும் பத்துச் செடிகளுக்கேனும் அவ்விடத்தை ஒதுக்குவோம். வல்ல இறைவன் அதற்குத் துணை புரிவானாக!